கையில் என்ன இருக்கிறது? ரோமானிய வெண்கலக் காசைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பூவா தலையா போட்டுப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? ரோமாபுரிப் பிள்ளைகளும் போட்டார்கள். காசைச் சுண்டிவிட்டு அவர்கள் கேட்டது, "தலையா, கப்பலா?" கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மக்ரோபியுஸ் என்ற ரோமானியர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே வெண்கலக் காசிலிருந்து அந்தக் கப்பல் போய்விட்டது. இருந்தும் பிள்ளைகள் வாயில் அது நின்றுவிட்டது. பூ இல்லாத காசைச் சுண்டும்போதும் நாம் "பூவா" என்றுதானே கேட்கிறோம்.

ரோமானியக் காசு என்றதும் நம்மவர்களுக்குத் தங்கம்தான் நினைவுக்கு வரும். மிளகுக்கு விலையாக வந்த பொற்காசு, மண்ணைத் தோண்டியபோது கிடைத்த புதையல் என்று கதைகள் நிறைய. அவை அழகானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் ரோமில் ரொட்டிக் கடையிலும் குளியல் கூடத்திலும் மதுக்கடைத் திண்ணையிலும் கைமாறிக்கொண்டிருந்தது வெண்கலம். மூட்டை தூக்குபவரும் கீரை விற்பவளும் அன்றாடம் கண்ணால் கண்ட படங்கள் அந்த வெண்கலத்தில் இருந்த படங்கள். பேரரசர் தன்னைப் பற்றி ஏழைக்கு என்ன சொல்ல விரும்பினார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை. அந்தப் படங்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கட்டியிலிருந்து காசு

முதலில் காசே இல்லை. வெண்கலத்தைக் கட்டி கட்டியாக உடைத்து, தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். பிறகு முத்திரை வைத்த பாளங்கள் வந்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வட்டமாக வார்த்த காசு வந்தது. பெரிய காசின் பெயர் ஆஸ். தொடக்கத்தில் ஓர் ஆஸ் ஒரு ரோமானிய பவுண்டு எடை, அதாவது ஏறத்தாழ 324 கிராம். கால் கிலோவுக்கும் மேலே! பையில் நான்கு போட்டால் பை கிழிந்துவிடும்.

அதன் முகப்பில் யானுஸ் தெய்வத்தின் தலை. ஒரு முகம் முன்னே பார்க்கும், இன்னொரு முகம் பின்னே பார்க்கும். வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய தெய்வம் அவர். ஜனவரி மாதத்தின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். பின்பக்கத்தில் கப்பலின் முன்பகுதி, நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, அது. பிள்ளைகள் கேட்ட கப்பல் இதுதான்.

ஓர் ஆஸுக்குப் பன்னிரண்டு பங்கு. அரை ஆஸில் சாட்டர்ன், கால் ஆஸில் சிங்கத்தோல் போர்த்திய ஹெர்குலிஸ், ஆறில் ஒன்றில் சிறகு வைத்த தொப்பியோடு மெர்க்குரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம். பின்பக்கம் மட்டும் எல்லாவற்றிலும் அதே கப்பல். மதிப்பைச் சொல்லப் புள்ளிகள் வைத்தார்கள். கால் ஆஸில் மூன்று புள்ளி, ஆறில் ஒன்றில் இரண்டு, பன்னிரண்டில் ஒன்றில் ஒரே புள்ளி. எழுத்து தெரியாத ஆளும் விரலால் தடவி மதிப்பைச் சொல்லிவிடலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். காசைச் செய்தவர், அதைப் பயன்படுத்தப் போகிறவரை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்.

கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போர் ரோமின் கருவூலத்தைக் காலி செய்தது. கி.மு. 211 வாக்கில் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு வந்தபோது ஆஸின் எடை பழைய எடையில் ஆறில் ஒன்றாகக் குறைந்திருந்தது. பிறகும் குறைந்துகொண்டே போனது. வார்ப்பும் போய், சுத்தியலால் அச்சு அடிக்கும் முறை நிலைத்தது.

செம்பு, பித்தளை, வெண்கலம்

நாம் இன்று அருங்காட்சியகங்களில் அதிகம் பார்ப்பது ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் காலத்துக்குப் பிந்தைய காசுகளைத்தான். கி.மு. 23 வாக்கில் அவர் சில்லறையை ஒழுங்குபடுத்தினார். ஒரு வெள்ளித் தெனாரியஸுக்கு நான்கு செஸ்டர்டியஸ், ஒரு செஸ்டர்டியஸுக்கு இரண்டு டுபோண்டியஸ், ஒரு டுபோண்டியஸுக்கு இரண்டு ஆஸ், ஓர் ஆஸுக்கு நான்கு குவாட்ரன்ஸ். பழைய ஓரணா, காலணாக் கணக்குப் போட்டவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

இவை எல்லாவற்றையும் சேகரிப்பவர்கள் பொதுவாக "வெண்கலம்" என்று சொல்லிவிடுகிறார்கள். உலோகம் ஒன்றல்ல. செம்போடு தகரம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. அகஸ்டஸின் செஸ்டர்டியஸும் டுபோண்டியஸும் பித்தளை. ஆஸும் குவாட்ரன்ஸும் செம்பு. புதிதாக அடித்த செஸ்டர்டியஸ், புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கைப் போல மஞ்சளாகப் பளபளத்திருக்கும். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் அவை பச்சையாகவும் கறுப்பாகவும் இருப்பதைப் பார்த்து, அப்போதும் அப்படித்தான் இருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். அது களிம்பு. மண்ணுக்குள் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆண்டு கிடந்ததால் ஏறியது. அதைத் தேய்த்துத் துலக்கினால் மூக்கும் முடியும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். தெரியாமல் துலக்கிக் கெடுத்த காசுகளைப் பார்க்கும்போது மனம் கசந்துபோகும்.

செஸ்டர்டியஸ் பெரிய காசு. குறுக்களவு 33 மில்லிமீட்டர் சுமார், எடை 25 கிராம் சுமார். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், எட்டு கிராமுக்கும் குறைவு. மூன்று பத்து ரூபாய் நாணயத்தை ஒன்றாக உருக்கி அடித்தால் எப்படி இருக்கும், அதுபோன்ற கனம். அவ்வளவு பெரிய வட்டம் கிடைத்ததால்தான் அச்சுச் செதுக்கியவர்களின் கைத்திறன் இந்தக் காசில் முழுதாக வெளிப்பட்டது. தங்கக் காசு விலையில் உயர்ந்தது, பரப்பில் சிறியது. துறைமுகத்தையும் அரங்கத்தையும் ஓட்டப்பந்தய மைதானத்தையும் அதற்குள் செதுக்க இடம் போதாது.

என்ன வாங்கலாம் இந்தக் காசுகளால்? பாம்பேயி நகரத்து மதுக்கடைச் சுவர் ஒன்றில் விலை எழுதியிருக்கிறது. ஓர் ஆஸ் கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் இன்னும் நல்லது, நான்கு கொடுத்தால் ஃபலெர்னிய மது. பொதுக் குளியல் கூடத்துக்கு ஒரு குவாட்ரன்ஸ் போதும். முதல் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ், அதாவது 900 செஸ்டர்டியஸ். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு செஸ்டர்டியஸைப் பார்த்தால், அது வெறும் பழம்பொருளாகத் தெரியாது. ஒரு வீரனின் ஏறத்தாழ பத்து மணி நேரப் பிழைப்பு அதில் இருக்கிறது.

எப்படி அடித்தார்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகப்பின் உருவத்தைத் தலைகீழ்ப் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி ஓர் அச்சில் செதுக்கி, அதைப் பட்டடையில் பொருத்துவார்கள். பின்பக்கத்தின் அச்சு கையில் பிடிக்கும் உளியின் நுனியில் இருக்கும். நடுவே வெற்று வில்லையை வைத்து ஓங்கி ஒரு அடி. ஒவ்வொரு காசும் இப்படி ஒரு மனிதனின் கையால் அடிபட்டது. அதனால்தான் ஒரே வகைக் காசு இரண்டு ஒன்றுபோல இருப்பதில்லை. படம் ஒருபக்கமாக நகர்ந்திருக்கும், எழுத்து விளிம்புக்கு வெளியே போயிருக்கும், விளிம்பு வெடித்திருக்கும். அதை எல்லாம் குறை என்று நினைக்க வேண்டாம்.

ரோமில் காசு அடிக்கும் அக்கசாலை நெடுங்காலம் யூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலை ஒட்டி இருந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் "மனி" என்ற சொல் அந்த மொனேட்டாவிலிருந்து பிறந்தது.

முகப்பு: யார் இவர்?

முகப்பில் பெரும்பாலும் பேரரசரின் தலை, சில நேரம் பேரரசி அல்லது வாரிசு. தலையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாகை இலை மாலை என்றால் பெரும்பாலும் செஸ்டர்டியஸ் அல்லது ஆஸ். கூர்முனைகள் கதிர்போல நீண்ட முடி என்றால் டுபோண்டியஸ். டுபோண்டியஸும் ஆஸும் அளவில் ஏறத்தாழ ஒன்று. களிம்பு ஏறியபின் பித்தளையா செம்பா என்றும் தெரியாது. நீரோ காலத்திலிருந்து இந்தக் கதிர்முடி வழக்கத்துக்கு வந்தது, வேறுபாடு காண உதவுகிறது.

முகங்கள் உண்மையானவை. வெஸ்பாசியனின் தடித்த கழுத்தும் வழுக்கையும், நீரோவின் ஊதிய கன்னமும், ஹாட்ரியனின் தாடியும் மறைக்கப்படவில்லை. நீரோவின் காசுகளை ஆண்டு வரிசையில் வைத்தால் ஒரு பையன் கண்முன்னே பருத்து முகம் மாறுவதைப் பார்க்கலாம். தங்கள் அரசரை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்கு அந்த முகம் கைக்குக் கை வந்து சேர்ந்தது.

தலையைச் சுற்றி எழுத்து ஓடும். இடைவெளி இல்லாமல், சுருக்கம் சுருக்கமாக. முதலில் மிரட்டும். நம் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. பட்டங்கள்தான் அதிகம், செய்தி குறைவு. "இம்ப்" என்றால் இம்பெராட்டோர், படைத்தலைவர். "காயெஸ்" என்றால் சீசர். "ஆவ்க்" என்றால் அகஸ்டஸ். இந்த இரண்டு பெயரும் பின்வந்த பேரரசர்களுக்குப் பட்டமாகிவிட்டன. பி, எம் என்ற இரண்டெழுத்து தலைமைப் பூசாரி. டி, ஆர், பி என்ற மூன்றெழுத்துத்தான் நமக்கு மிகவும் பயன்படுவது. மக்கள் பாதுகாவலர் அதிகாரம் என்று பொருள். இதை ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள், கூடவே எண்ணையும் போடுவார்கள். அந்த எண் இருந்தால், காசு எந்த ஆண்டில் அடித்தது என்று சொல்லிவிடலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டு பார்ப்பதுபோலத்தான். சி, ஓ, எஸ் என்று இருந்தால் எத்தனையாவது முறை கன்சல் என்ற உயர்பதவி வகித்தார் என்பது. பி, பி என்றால் நாட்டின் தந்தை.

பின்பக்கத்தில் எஸ், சி என்ற இரண்டு எழுத்து பெரிதாக நிற்கும். மூன்றாம் நூற்றாண்டு வரை வெண்கலக் காசுகளில் இதைக் காணாமல் இருக்க முடியாது. "செனாட்டுஸ் கோன்சுல்டோ", செனட் சபையின் தீர்மானப்படி. தங்கமும் வெள்ளியும் பேரரசரின் அதிகாரத்தில், வெண்கலம் செனட்டின் பெயரில் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். உண்மையில் செனட்டுக்கு எவ்வளவு பிடி இருந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் எண்ணத்தில், சபைக்கு மரியாதை செய்வதுபோலக் காட்டிக்கொள்வது அகஸ்டஸுக்குக் கைவந்த கலை, இந்த இரண்டெழுத்தும் அதில் சேர்த்திதான்.

பின்பக்கம்: கையைப் பாருங்கள்

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெண் நிற்பாள், அல்லது உட்கார்ந்திருப்பாள். நீண்ட ஆடை. முகம் தேய்ந்திருக்கும். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே என்று தோன்றும். அவள் யார்?

கோயிலுக்குப் போகும் நமக்கு இந்தக் கேள்விக்கு விடை காணத் தெரியும். மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன கற்சிலையாக இருந்தாலும் கையில் வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், வீணை இருந்தால் கலைமகள். முகத்தை யார் பார்த்தார்கள்? ரோமானியக் காசிலும் அதேதான். கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் பழமும் கதிரும் பொங்கி வழியும் கொம்பு என்றால் ஃபோர்ச்சூனா, அதிர்ஷ்ட தேவதை. வாழ்க்கையைத் திருப்புகிறவள் என்பதால் சுக்கான். கையில் தராசு என்றால் ஏக்விட்டாஸ், நேர்மை. அதே தராசு மொனேட்டாவிடமும் இருக்கும்; அங்கே எழுத்தைப் படித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. பாம்புக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் சாலுஸ், உடல்நலம். பேரரசர் நோயுற்றுத் தேறினால் இவள் அடிக்கடி தோன்றுவாள். ஒரு கையில் பூ, மறு கையால் ஆடையின் நுனியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. எனக்கு இவளைத்தான் எல்லாரையும்விடப் பிடிக்கும். மற்றவர்கள் பெரும்பாலும் நிற்கிறார்கள், இவள் நடக்கிறாள். சிறகு இருந்தால் விக்டோரியா, வெற்றி. கையில் ஒரு கூம்புத் தொப்பி இருந்தால் லிபர்டாஸ், விடுதலை. அடிமைத்தளை நீங்கியவர் அணியும் தொப்பி அது. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது, அவர்கள் தெருவில் அந்தத் தொப்பி போட்டவர்கள் நடந்தார்கள்.

அன்னோனாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்னோனா என்றால் ஆண்டுத் தானிய வரத்து. அவள் காலடியில் மரக்கால் போன்ற ஓர் அளவுப் பாத்திரம் இருக்கும், அதிலிருந்து கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சில காசுகளில் பின்னால் ஒரு கப்பலின் பகுதி தெரியும். ரோமாபுரி தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ளவில்லை. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கோதுமை கப்பலில் வர வேண்டும். அகஸ்டஸ் காலத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம் குடிமக்கள் அரசின் தானியத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் தாமதித்தால் ஊர் கொந்தளிக்கும். ஆகவே மரக்காலோடு நிற்கும் இந்தப் பெண்ணின் பொருள், "கோதுமை வந்துவிட்டது, பயப்படாதீர்கள்" என்பதுதான். நீரோவின் செஸ்டர்டியஸ் ஒன்றில் கதிர் ஏந்திய கேரெஸ் தெய்வம் உட்கார்ந்திருக்க, எதிரே அன்னோனா நிற்கிறாள். நடுவே பலிபீடத்தின்மேல் மரக்கால், பின்னால் கப்பல். வெண்கல வட்டத்துக்குள் ஒரு ரேஷன் கடை வரிசையின் நிம்மதி.

அதே நீரோவின் இன்னொரு காசு, கி.பி. 64ஐ ஒட்டியது, ஓஸ்டியா துறைமுகத்தை வானத்திலிருந்து பறவை பார்ப்பதுபோலக் காட்டுகிறது. இருபுறமும் கரைகள் வளைந்து கட்டிப்பிடிக்க, நடுவே கப்பல்கள். ஒன்று பாய் விரித்திருக்கிறது, ஒன்றில் துடுப்பு வரிசை தெரிகிறது. கீழே ஒரு தெய்வம் சாய்ந்து படுத்திருக்கிறார். அவர் கையைப் பாருங்கள், ஒன்றில் சுக்கான், மற்றதில் ஓங்கில், அதாவது டால்பின். துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியவர் நீரோவுக்கு முன் ஆண்ட கிளாடியஸ். காசில் பெயர் நீரோவுக்கு. கட்டியவர் ஒருவர், திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர் ஒருவர் என்பது பழைய பழக்கம்தான்.

பனைமர வகையைச் சேர்ந்த ஒரு மரம்

எல்லாப் படமும் இப்படி நிம்மதி தருவதல்ல. கி.பி. 70இல் ரோமானியப் படை எருசலேமை வீழ்த்தி, கோயிலை எரித்தது. அடுத்த ஆண்டே வெஸ்பாசியன் செஸ்டர்டியஸ் வெளியிட்டார். நடுவில் ஓர் ஈச்சை மரம், யூதர்களின் நாடான யூதேயாவின் அடையாளம். மரத்தடியில் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்து அழுகிறாள். மரத்தின் மறுபுறம் ஒரு வகையில் கைகள் பின்னே கட்டப்பட்ட கைதி நிற்கிறான், இன்னொரு வகையில் ஈட்டியோடு வெற்றி பெற்றவர் நிற்கிறார். எழுத்து இரண்டே சொல், "யூதேயா காப்டா". யூதேயா பிடிபட்டது.

இந்தக் காசைப் பார்க்கும்போதெல்லாம் செதுக்கியவனின் திறமையை வியக்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் நிற்பேன். அவளுடைய கையில் எதுவுமே இல்லை. கொம்பு இல்லை, கதிர் இல்லை, கிளை இல்லை. மற்றப் பெண்கள் எல்லாரும் எதையாவது ஏந்தியிருக்க, இவள் கை தன் தலையை மட்டும் ஏந்தியிருக்கிறது. தோல்வியை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு மறுமொழி வந்தது. 132இல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தார்கள். மூன்றாண்டு தாக்குப்பிடித்த அந்தக் கிளர்ச்சியில் தங்களுக்கென்று காசு அடித்தார்கள். புது உலோகம் தேடவில்லை. புழக்கத்திலிருந்த ரோமானியக் காசுகளை எடுத்து, அவற்றின்மேலேயே தங்கள் அச்சை வைத்து ஓங்கி அடித்தார்கள். சில காசுகளில் புதுப் படத்துக்கு அடியில் பேரரசரின் தலை இன்னும் மங்கலாகத் தெரியும். அந்த வெண்கலக் காசுகளில் அவர்கள் வைத்த படங்களில் ஒன்று ஈச்சை மரம். குலையோடு நிற்கிறது. அடியில் யாரும் அழவில்லை.

அழிந்த முகங்கள்

காசில் ஏறியது காசிலிருந்து இறங்கவும் செய்யும். காலிகுலா தன் மூன்று தங்கைகளையும் பெயரோடு ஒரு செஸ்டர்டியஸில் நிற்க வைத்தார். ஆளுக்கொரு தேவதையின் சின்னம் கையில். உயிரோடிருந்த அரசகுலப் பெண்களை இப்படி வரிசையாக நிறுத்தியது ரோமில் அதுவரை காணாதது. ஓரிரண்டு ஆண்டுக்குள் ஒருத்தி இறந்தாள், மற்ற இருவரையும் அண்ணனே நாடு கடத்தினார். அவர் கொல்லப்பட்டபின், அவர் முகம் பொறித்த வெண்கலக் காசுகளை உருக்கிவிடும்படி செனட் தீர்மானித்தது.

இன்னொன்று இன்னும் கொடியது. காரகல்லா, கேட்டா இருவரும் அண்ணன் தம்பி, கூட்டாக ஆண்டவர்கள். 211இன் இறுதியில் அண்ணன் தம்பியைக் கொன்றார். தம்பியின் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக் கூடாது என்று ஆணை. ஆசியா மைனரில், அதாவது இன்றைய துருக்கியில், ஸ்ட்ராடோனிகேயா போன்ற ஊர்கள் அடித்திருந்த பெரிய வெண்கலக் காசுகளில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசுகளில் தம்பி இருந்த இடத்தை உளி வைத்துச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதைப் பார்த்தால், அண்ணன் ஒரு வெற்றிடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிறுத்துப்போன காசு

மூன்றாம் நூற்றாண்டில் போரும் பணவீக்கமும் சேர்ந்து ஒரு சுழி. வெள்ளிக் காசில் வெள்ளி குறைந்து குறைந்து, கடைசியில் வெள்ளிப் பூச்சு போட்ட செம்பாகிவிட்டது. சில்லறைக்கு மதிப்பே இல்லாதபோது 25 கிராம் பித்தளையில் செஸ்டர்டியஸ் அடிப்பது யாருக்குக் கட்டும்? 260களோடு அது ஏறத்தாழ நின்றது. 294 வாக்கில் டயோக்ளீஷியன் பத்து கிராம் எடையில் ஒரு புதிய வெண்கலக் காசைக் கொண்டுவந்தார், மேலே லேசான வெள்ளிப் பூச்சோடு. அதுவும் கான்ஸ்டன்டைன் காலத்தில் வேகமாகச் சுருங்கியது.

ஆனால் தொடக்கக்காரர்களுக்கு மிகவும் எளிதாகக் கிடைப்பது இந்தப் பிற்காலச் சிறு காசுதான். கோடிக்கணக்கில் அடித்தார்கள், அதனால் விலையும் குறைவு. காசின் அடியில், கோட்டுக்குக் கீழே சில எழுத்து இருக்கும். எந்த ஊர் அக்கசாலை என்று அது சொல்லும். அந்தியோக்கியா, அலெக்சாண்டிரியா, தெசலோனிக்கா, கான்ஸ்டன்டினோபிள், ட்ரியர் என்று பேரரசின் வரைபடமே அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. 330 முதல் அடித்த ஒரு வகையில் ஓநாய் ஒன்று ரோமுலஸ், ரீமஸ் இரட்டையருக்குப் பால் கொடுக்கிறது, மேலே இரண்டு விண்மீன். இன்னொரு வகையில் இரண்டு வீரர்கள், நடுவே இரண்டு படைக்கொடி. சில ஆண்டு கழித்துக் காசு சிறுத்ததும் இரண்டு கொடிக்கு இடமில்லாமல் ஒரு கொடி ஆயிற்று. வரலாற்று நூலில் பணவீக்கம் என்று படிப்பதை இங்கே கொடிக்கம்பத்தை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் காசுக் கண்காட்சி ஒன்றில் வாங்கிய சிறு காசை என் உள்ளங்கையில் வைத்து, "இது என்னண்ணே, சொல்லுங்க" என்றான். ஒரு ரூபாயைவிடச் சிறியது, கறுப்பு, ஒருபக்கம் நசுங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. மேசைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். எந்தத் தேய்ந்த காசையும் அப்படித்தான் பார்க்க வேண்டும், நேர்வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். நிழல் விழுந்ததும் ஓர் ஈட்டி தெரிந்தது. ஈட்டி பிடித்த கை, கேடயம், வீரன். அவனுக்குக் கீழே மடங்கி விழும் குதிரை. குதிரைமேல் ஒருவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்குகிறான், போதும் என்பதுபோல.

இரண்டாம் கான்ஸ்டன்டியஸின் காசு. சுற்றியுள்ள எழுத்து, "ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ". நற்காலம் மீண்டுவிட்டது என்று பொருள். 348இல் இந்த வாசகம் தொடங்கியது, ரோம் பிறந்து 1100 ஆண்டு நிறைந்ததையொட்டி என்பது பலரின் கருத்து. அப்போது காசின் எடை ஐந்து கிராமுக்கு மேல். சில ஆண்டுகளிலேயே இரண்டு கிராம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. வாசகத்தை மட்டும் மாற்றவில்லை. சந்தைக்குப் போனவளின் கையில் காசு பாதியாகிவிட்டது, அதில் நற்காலம் மீண்டுவிட்டது என்று எழுதியிருந்தது. அவள் அதை வாசித்தாளா, வாசித்தால் என்ன நினைத்தாள் என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் காசு சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. குறுக்களவு 13 மில்லிமீட்டர், எடை ஒரு கிராம் சுமார். அதற்குள்ளும் ஒரு விக்டோரியா சிறகோடு நடக்கிறாள், ஒரு கையால் கைதியை இழுத்துக்கொண்டு.

இந்தக் கடைசிக் காலத்துச் சிறு காசுகள்தான் நம் மண்ணுக்கும் வந்தன. தங்கம் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். இது அவ்வளவாகத் தெரியாது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செம்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அங்கே போதாமல், அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலச் செய்தும் கொண்டார்கள். அந்த உள்ளூர்க் காசுகளில் லத்தீன் எழுத்து வெறும் கீறல்களாகிவிட்டது. அச்சு வெட்டியவருக்கு அந்த எழுத்து தெரியாது, அந்த அரசர் யாரென்றும் கவலையில்லை. அவருக்கு வேண்டியது சந்தையில் செல்லும் சில்லறை.

கரூர்க் காசுகளில் பல, ஆற்றில் உருண்டும் கைமாறியும் வழவழப்பாகத் தேய்ந்துபோனவை. அடுத்த முறை அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால், பெயர்ப்பலகையைப் படிக்குமுன் கண்ணாடியின் பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் நின்று பாருங்கள். முதலில் ஒரு நிழல் எழும். பிறகு ஒரு தோள். அதிலிருந்து கை எந்தப் பக்கம் போகிறது என்று தொடர்ந்து போங்கள்.